நான்காம் துணைத்தேற்றம்

ஆம்பூர்
8 ஜனவரி 2024

மாப்பிள்ளை புகழேந்தி அவர்களுக்கு,

போதுமான காலம் உங்களிடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இருபத்தைந்து வருடம். இனி இருப்பதாக இல்லை.

நலம் கேட்கும் மரியாதையை விடவில்லை. நீங்களும் தங்கை செண்பகமும் பிள்ளை பிரேம்நாத்தும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, மற்றபடி குறையில்லை. போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் மிக நன்றாகப் பேசுவீர்கள். அதனால்தான் கடிதம்.

எங்கள் தோல் கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவுக்கு மேற்பார்வையாளர் அப்துல் சமத். அவர் மகள் உமைமா உங்களிடம் ஆறாவது வருடமாக ஆய்வு செய்கிறாள் என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. விடுமுறைக்கு வந்தவளை, "நம்ம பரணும் படிச்ச மனுஷன், கணக்குதான், ஒரு வாட்டி காட்டு" என்று அவர் என் மேஜைக்கே அழைத்து வந்துவிட்டார். பரண் என்பது கம்பெனியில் எனக்குப் பட்டப்பெயர், தூசி படிந்த சாமான் வைக்கிற பரண்தான். என்னைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் அது.

அவள் காட்டியது இது. x, y என்ற இரண்டு மாறிகளின் பல்லுறுப்புக்கோவைகளை எடுத்து, x-இன் கனமும் y-இன் வர்க்கமும் ஒன்றே என்று வைத்துவிடுகிறோம். எண்கள் 0, 1, 2 மட்டும். மூன்று என்றால் பூஜ்ஜியம். அந்த ஈவு வளையத்தின் ஹோமாலஜி இரண்டாம் படியில் எத்தனை பரிமாணம்? 1999-இல் உங்கள் பெயர் மட்டும் தாங்கி வந்த கட்டுரையின் தேற்றம் இரண்டு என்கிறது. உமைமாவுக்கு மூன்று வருகிறது. இதன் மேல்தான் அவள் தன் ஆய்வேட்டின் இடவியல் ஹோமாலஜிக் கணக்குகள் முழுவதையும் அடுக்கியிருக்கிறாள். கீழே ஒன்று பிசகினால் மேலே எல்லாம் பிசகும்.

"ப்ரோக்ராம நம்ப வேணாம் சார், கையாலயும் போட்டுட்டேன், மூணுதான் வருது. கைடு பேப்பரை எடுத்துக் காட்டி, அச்சுல வந்தத விட நீ பெரிய ஆளான்னு கேக்கறாரு" என்றாள். ஜூன் முப்பதுக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டுமாம், அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாதாம். இந்தக் கணக்கு உள்ள மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி இரண்டு என்று எழுதினால்தான் கையொப்பம் போடுவீர்களாம்.

அவள் கணக்கு சரி. கையொப்பம் போடுங்கள்.

செண்பகத்துக்கு என் அன்பு.

அன்பரசன்


ஹைதராபாத்
27 ஜனவரி 2024

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் மூவரும் நலம். சர்க்கரையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், காலையில் நடங்கள். பொங்கலுக்கு வருவீர்கள் என்று செண்பகம் எதிர்பார்த்தாள்.

ஒரு மாணவியின் ஆய்வு விஷயம் துறைக்குள் பேச வேண்டியது. ஆனாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அடுக்கில் இருக்கும் எண்ணை, பூஜ்ஜியமாக வைக்கிற பகா எண், இங்கே மூன்று, வகுக்கக் கூடாது என்பது இந்த மாதிரிக் கட்டுரைகளில் சொல்லாமலே விளங்கும் நிபந்தனை. அனுபவம் உள்ளவர்கள் கேட்பதில்லை. உமைமா கெட்டிக்காரி, ஆனால் பிடிவாதக்காரி. அவள் அந்த அத்தியாயத்தை மாற்றினால் அவளுக்கே நல்லது.

நீங்கள் இந்தத் துறையை விட்டு வெகு காலம் ஆகிவிட்டது. அங்கே தொழிற்சாலையில் உங்களை எல்லாரும் மதிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். சந்தோஷம்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

புகழேந்தி


ஆம்பூர்
4 பிப்ரவரி 2024

மாப்பிள்ளைக்கு,

காலையில் நடக்கிறேன். ரயில்வே ஸ்டேஷன் வரை போய்த் திரும்புகிறேன். மூட்டு வலி இல்லை. செண்பகத்தின் ரத்தக் கொதிப்பு இப்போது எப்படி என்று எழுதுங்கள்.

சொல்லாமலே விளங்கும் நிபந்தனையா? கட்டுரையின் முதல் பத்தியில் "எல்லாப் பகா எண்களுக்கும்" என்று அச்சாகியிருக்கிறது. அந்த வாக்கியத்துக்காகத்தான் உங்களுக்கு அந்த வேலையே கிடைத்தது.

நான் துறையை விட்டு வெகு காலம் ஆனது உண்மை. அப்பா படுத்த படுக்கையானதும் 1998-இல் விட்டேன். விட்டபோது என் நோட்டை உங்களிடம் கொடுத்து, "பாத்து வெச்சிரு, வந்து முடிக்கிறேன்" என்றேன். அடுத்த வருடம் அது கட்டுரையாக வந்தது. ஏழு துணைத்தேற்றங்களில் நான்கு என்னுடையவை. நான்காவதுதான் முதுகெலும்பு, அது முழுக்க என்னுடையது. நன்றி என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கூட இல்லை. அதற்கு அடுத்த வருடம் பெண் கேட்டு வந்தீர்கள். தங்கைக்குப் பிடித்திருந்தது. எழுந்து நின்று கைகூப்பினேன். அன்று முதல் உங்களை நீங்கள் என்று அழைக்கிறேன்.

இப்போது பேச்சு வேண்டாம். ஆய்வு மாணவர்களாக விடுதியில் இருந்தபோது நாம் வைத்திருந்த முறை நினைவிருக்கும். சந்தேகம் வந்தால் வாயால் வாதாடுவதில்லை. இருவரும் தனித்தனியாகக் கணக்கைப் போட்டு, ஒரே நாளில் உறையில் இட்டு ஒட்டித் தபாலில் சேர்ப்போம், பக்கத்து அறையில் இருந்தால்கூட. தபால்காரர் சிரிப்பார். ஆனால் ஒருவர் விடையைப் பார்த்து மற்றவர் திருத்த முடியாது. இந்தக் கணக்கையும் அப்படியே போடுவோம். பிப்ரவரி 15, வியாழக்கிழமை. நான் இங்கிருந்து போடுகிறேன், நீங்கள் அங்கிருந்து போடுங்கள்.

அனைவரும் சுகமாக இருக்க வேண்டும்.

அன்பரசன்


ஆம்பூர்
15 பிப்ரவரி 2024

மாப்பிள்ளைக்கு,

நலம். உங்கள் நலமும் அவ்வாறே என நம்புகிறேன்.

y² = x³. வகைக்கெழுக்கள் 2y, 3x². இவை இரண்டும் வளையத்தில் எதையெல்லாம் அழிக்கின்றனவோ அது போக மிச்சத்தை எண்ண வேண்டும். 2y என்பதால் y அழிகிறது, அதோடு x³-உம் போகிறது. தேற்றம் 3x²-இல் இருக்கும் 3-ஐ வகுத்துத் தள்ளிவிட்டு x²-ஐயும் அழிக்கிறது. மிச்சம் 1, x. இரண்டு. ஆனால் இங்கே 3 என்பது பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால் வகுக்க யாருக்கும் அனுமதியில்லை. x² அழியவில்லை. மிச்சம் 1, x, x². மூன்று.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. பிற்பகல் தபால் எடுப்பதற்குள் பெட்டியில் போட்டுவிடுவேன்.

அன்பரசன்


ஹைதராபாத்
1 மார்ச் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். செண்பகத்துக்கு ரத்தக் கொதிப்பு சற்றுக் கூடி, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். இப்போது தேவலை. உங்களைத்தான் அடிக்கடி விசாரிக்கிறாள்.

துறைப் பணிகளில் நீங்கள் சொன்ன தேதி தவறிவிட்டது. அது போகட்டும். நான் வேறு ஒன்று யோசித்திருக்கிறேன். இந்தப் பொருளில் ஒரு நீண்ட தொகுப்புக் கட்டுரை எழுதும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நல்ல பதிப்பகம். அதை நாம் இருவரும் சேர்ந்து எழுதலாம். அகர வரிசைப்படி உங்கள் பெயர்தான் முதலில் வரும். முன்னுரையில், 1999 கட்டுரையின் அடிப்படைக் கணக்குகள் உங்களுடையவை என்று தெளிவாகவே எழுதுகிறேன். வெகு காலமாக என் மனதில் இருந்ததுதான்.

உமைமா விஷயத்தை என்னிடம் விடுங்கள். இந்த நேரத்தில் அந்தத் தேற்றத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தால் நம் இருவருக்குமே நல்லதல்ல. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, வேறு ஏதாவது சேர்த்து, பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

கோடை தொடங்கிவிட்டது. வெயிலில் அலையாதீர்கள்.

புகழேந்தி


ஆம்பூர்
9 ஏப்ரல் 2024

மாப்பிள்ளைக்கு,

செண்பகத்தின் உடம்பு தேறியிருக்கும் என நினைக்கிறேன். மாத்திரையின் பெயரை எழுதியனுப்பச் சொல்லுங்கள்.

பதில் எழுத ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. காரணம் கேட்காதீர்கள்.

இதற்கிடையில் சமத் இரண்டு முறை வந்து நின்றார். முதல் முறை, "இன்னா சார், ஒண்ணுதானே ஜாஸ்தி? அவரு சொல்ற ரெண்டையே எழுதிட்டு பட்டத்த வாங்கிக்கினு வந்துடுன்னு சொல்லட்டா?" என்றார். நேற்று மறுபடி வந்தார். "நானே யோசிச்சேன் சார். இங்க ஒரு தோலு அளவுல கால் அடி கம்மியா எழுதினா வாங்கற பார்ட்டி வுடுவானா? அப்பறம் எங்கூட்டுப் பொண்ணு மட்டும் எதுக்கு கம்மியா எழுதணும்? அது எழுத மாட்டேன்னுது. படிப்பே வேணாம், ஷூ கம்பெனிக்கு வேலைக்கு வர்றேன்னுது. நோன்பு தொறந்தும் அவங்க அம்மா சோறு தின்னல. ஒரே பேஜாரா கீது" என்றார்.

அத்தியாயத்தை எடுத்துவிட்டால் அவளுடைய ஆய்வேட்டில் மிச்சம் என்ன? நாற்பது பக்க முன்னுரை. அதை எந்தக் குழு ஏற்கும்? உங்களுக்கே தெரியும்.

தொகுப்புக் கட்டுரை வேண்டாம். இருபத்தைந்து வருடம் கழித்து, ஒருத்தியின் வாயை அடைக்கும் விலையாக என் பெயரை எனக்கே தருகிறீர்கள். நான் ஒருமுறைதான் எழுந்து நின்று கைகூப்பியவன்.

ஜூன் 20 அன்று ஆய்வுக்குழு கூடுகிறதாம். அதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நான் சொல்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பரசன்


ஹைதராபாத்
22 ஏப்ரல் 2024

அன்பரசு,

நலமே. நீயும் நலமாக இரு.

இத்துடன் ஒரு நகல் இணைத்திருக்கிறேன். உன் நோட்டின் ஐம்பத்திரண்டாம் பக்கம். 11.10.97 என்று நீயே தேதி போட்டிருக்கிறாய். நடுவில் இருக்கும் வரியைப் பார். அடுக்கால் வகுத்து அடுத்த வரிக்குப் போயிருக்கிறாய், ஒரு நிபந்தனையும் எழுதாமல். நான் அதை அப்படியே நம்பினேன். உன் கணக்கில் பிழை இருக்கும் என்று அந்தக் காலத்தில் யாரும் நினைக்க மாட்டார்கள். நானும் நினைக்கவில்லை.

நான்காம் துணைத்தேற்றம் என்னுடையது என்று இருபத்தைந்து வருடமாக உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லி வருகிறாய். எந்தக் கல்யாணத்திலும் நான் தலை நிமிர்ந்து சாப்பிட்டதில்லை. சரி, உன்னுடையதுதான். ஜூன் 20 அன்று வா. வந்து கையொப்பம் போட்டுச் சொல். இந்தப் பக்கத்தை நானும் எடுத்து வருகிறேன். யார் தப்பால் அந்தப் பெண்ணின் ஆறு வருடம் போனது என்று எல்லாரும் பார்க்கட்டும்.

செண்பகத்திடம் இதையெல்லாம் பேசாதே. அவளுக்கு ஆகாது.

புகழேந்தி


ஹைதராபாத்
5 மே 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கொதிப்பு கொதிப்பு என்று நீங்கள் இரண்டு பேரும் என்னைச் சொல்லிக் கடிதத்தை நிரப்புவது தெரியும். உன் சர்க்கரை எவ்வளவு என்று எழுது, பொய் சொல்லாமல்.

உன் கடிதங்களை எல்லாம் படித்துவிட்டேன். அவர் மறைக்கவில்லை, மேஜை மேலேயே போட்டு வைத்திருந்தார். அவர் பையில் வேறு ஒன்றும் இருந்தது. உன் விலாசம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, போடாமல் விட்ட உறை. பிப்ரவரி 15 தேதி. உள்ளே ஒரே தாள். அடியில் மூன்று என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். தேதி தவறிவிட்டது என்று உனக்கு எழுதினாரே, தவறவில்லை அண்ணா.

"ஏங்க போடல?" என்று கேட்டேன். "போட்டா உங்கண்ணன் ஜெயிச்சிடுவான்" என்றார். ஐம்பத்து மூன்று வயசு மனுஷன். மூச்சு வாங்குகிறது, மாடி ஏற முடியவில்லை, ஆனால் நீ ஜெயிக்கக் கூடாது.

அவரை மட்டும் சொல்ல மாட்டேன். பிரேம் பிறந்து தொட்டில் போட்டபோது வந்திருந்தாயே, 2003-இல். ஹாலில் உட்கார்ந்து அந்தக் கட்டுரையைப் புரட்டிக்கொண்டிருந்தாய். திடீரென்று சிரித்தாய். நீ சிரித்து எவ்வளவோ நாள் ஆகியிருந்ததால் எனக்கு நன்றாக ஞாபகம். "இன்னாண்ணா சிரிக்கிறே?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, ஒங்கூட்டுக்காரர் நல்லா எழுதியிருக்கார்" என்றாய். இத்தனை வருடம் அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

அதில் பிழை இருப்பது அன்றைக்கே உனக்குத் தெரியும், இல்லையா?

அந்தப் பெண் எங்கள் வீட்டில் நோன்பு திறந்திருக்கிறாள். போன வாரம் வந்து, வாசலிலேயே நின்று புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளே வா என்றதற்கு, பரவாயில்லை ஆன்ட்டி என்றாள்.

பதில் எனக்கு எழுது, அவருக்கு வேண்டாம்.

செண்பகம்


ஆம்பூர்
14 மே 2024

அன்புள்ள செண்பகத்துக்கு,

சர்க்கரை இருநூற்று நாற்பது. பொய் இல்லை.

ஆமாம், அன்றைக்கே தெரியும்.

என்றாவது ஒரு நாள் பெரிய சபையில் யாராவது எழுந்து கேட்பார்கள், அவர் மேடையில் விழிப்பார் என்று காத்திருந்தேன். கம்பெனியில் ஒவ்வொரு நாளும் அதை நினைத்துக்கொள்வேன். யாரும் கேட்கவில்லை. இருபத்தோரு வருடம் கழித்துக் கேட்டது உமைமா. விழுந்ததும் அவள்தான்.

ஜனவரியில் அவள் என் மேஜை முன்னால் நின்று, "சார், நான் எங்கியாவது தப்பு பண்ணியிருக்கேனா?" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மார்ச் மாதம் முழுக்க அந்தத் தொகுப்புக் கட்டுரையில் என் பெயர் எப்படி அச்சாகும் என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஷிப்ட் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். "நீ தப்பு பண்ணல. தப்பு எங்கிட்ட" என்று சொல்லி, ஐம்பத்திரண்டாம் பக்கத்தின் நகலைக் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "ஹேண்ட்ரைட்டிங் நல்லா இருக்கு சார்" என்றாள். சமத் டீ கொண்டுவரச் சொன்னார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். டீயை வேறு யாரோ கொண்டுவந்தார்கள்.

மாப்பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போ. மூச்சு வாங்குவதை விட்டுவைக்காதே.

அண்ணன்


ஆம்பூர்
10 ஜூன் 2024

புகழேந்தி,

மாப்பிள்ளை என்று எழுதவில்லை. முதலில் நீ என்று இறங்கியது நீதான், எனக்கு அது சௌகரியமாகவே இருக்கிறது. இதயத்தில் அடைப்பு இல்லை என்று செண்பகம் எழுதியிருந்தாள். உண்மையாகவே ஆறுதல் அடைந்தேன். நன்றாக இரு, இதைப் படிக்கும் அளவுக்கு நன்றாக இரு.

ஐம்பத்திரண்டாம் பக்கம் என்னுடையது. அந்த வரியில் வகுத்தவன் நான். பிழை என்று தெரிந்தும் இருபத்தோரு வருடம் சொல்லாமல் இருந்தவனும் நான். நீ எடுத்ததை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் அது உனக்கும் எனக்கும் உள்ளது.

இரண்டு பக்கத்தில் நான்கு பிரதி எழுதியிருக்கிறேன். மூன்று, ஆய்வுக்குழுவின் மூன்று உறுப்பினர்களுக்கு. ஒன்று, கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு. அதில் உன்னைத் திருடன் என்று சொல்லவில்லை. ஒரு வளையம், ஒரு பகா எண், இரண்டு வகைக்கெழு, மூன்று என்ற விடை. நான்காம் துணைத்தேற்றம் எங்கே நிற்கிறது, எங்கே நிற்காது, நிற்காத இடத்தில் சரியான எண்ணிக்கை என்ன என்பதும் இருக்கிறது. கல்லூரியில் கணக்குப் படித்த எவரும் அரை மணி நேரத்தில் சரிபார்க்கலாம். உமைமாவின் மூன்றாம் அத்தியாயத்தின் விடையும் இதுவே என்று கடைசி வரி.

ஜூன் 20 அன்று நான் வந்து நிற்பேன், நீ பக்கத்தை நீட்டுவாய், மச்சானும் மாப்பிள்ளையும் மாறி மாறிக் கத்துவோம், குழு நம் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு அவள் கோப்பை மூடிவிடும். அதைத்தான் எதிர்பார்த்தாய். நான் வரவில்லை. பெயரைப் போட்டால் பெயரைத்தான் படிப்பார்கள். போடாவிட்டால் அவர்களுக்குப் படிக்க இருப்பது கணக்கு ஒன்றுதான்.

இதை உமைமா எழுதினாள் என்று சொல்லத் தோன்றும். சொல்லிப் பார். நான்கு பிரதியையும் என் கையால் எழுதியிருக்கிறேன், டைப் அடிக்கவில்லை, நகல் எடுக்கவில்லை. இந்த எழுத்து யாருடையது என்று இந்த நாட்டில் உன்னைப் போல் அறிந்தவன் வேறு யாருமில்லை. தைரியம் இருந்தால் நீயே சொல். நீ பத்திரமாக வைத்திருக்கும் ஐம்பத்திரண்டாம் பக்கத்தை எடுத்து, குழுவின் மேஜையில் இதன் அருகில் வை. இரண்டும் ஒரே கை என்று காட்டு. பிழை அன்பரசனுடையது என்று நிரூபித்துவிடலாம். அந்தப் பக்கம் உன்னிடம் எப்படி வந்தது, அதில் இருந்தது உன் பெயரில் எப்படி அச்சானது என்று அப்புறம் கேட்பார்கள். அதற்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும். நான் அங்கே இருக்க மாட்டேன்.

வாயைத் திறக்காமல் இருந்தாலும் சரி. கணக்கு நிற்கும். அவள் ஆய்வேட்டில் கையொப்பம் போட நீ மறுத்தால் குழு போடும்.

என் பெயருக்காக இருபத்தைந்து வருடம் எல்லாக் கல்யாணத்திலும் உன்னைச் சாப்பிட விடாமல் செய்தேன் என்கிறாய். இருக்கலாம். கடைசியில் அந்தப் பெயரைப் போட ஓர் இடம் வந்திருக்கிறது. நான்கு பிரதியிலும் அடியில் நான்கு விரல் வெற்றிடம் விட்டு, அரை நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவையும் எடுத்தேன், மூடியும் வைத்துவிட்டேன்.

நாளைக் காலை ஷிப்டுக்குப் போகும் வழியில் தபால் நிலையத்தில் நிற்பேன். நான்கு உறை, பதிவுத் தபாலுக்கு அனுப்புநர் பெயர் வேண்டும் என்பதால் நான்கும் சாதாரணத் தபால். கையொப்பம் இல்லாமலே போடுகிறேன்.